ரெண்டு பேரும் கைத்தொழில்காரங்க, அப்ப வீடு பாதி விலைதானே?

2024 ஜனவரி 28 – வாசகர் கேள்வி

மண் வீடு பேச்சுல நீங்க போட்டதெல்லாம் படிச்சேன். நீங்க பானை செய்யிறவங்க, வீட்டுக்காரர் தச்சு வேலை. ஓடு உங்க கையில, கதவு ஜன்னல் அவர் கையில. அப்ப வீடு பாதி விலையில முடிஞ்சிரும்ல? எதுக்கு எப்ப பாத்தாலும் காசு பத்தலன்னு எழுதுறீங்க? ஒரு தொழிலும் தெரியாம கொத்தனார் கேட்டதைக் குடுக்குற நாங்க என்ன சொல்றது?

2024 ஜனவரி 29

அழல சாமி, கணக்கு சொன்னேன். இதே கேள்வியை எங்க சித்தப்பாவும் கேட்டாரு, ஒரு பேங்க்ல லோன் கேக்கப் போனப்ப அங்க உக்காந்திருந்தவரும் கேட்டாரு. "உங்களுக்கு எதுக்கும்மா லோன், நீங்களே கட்டிக்கலாமே"ன்னு சிரிச்சுக்கிட்டே பாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

இடம் மானாமதுரைக்கும் இளையான்குடிக்கும் நடுவுல, அப்பா குடுத்த 30 சென்ட். 24க்கு 16 அடி வீடு, சமையக்கட்டு தனியா, எனக்கு ஒரு சக்கரக் கொட்டாய், அவருக்கு ஒரு பட்டறை, கிணறு ஏற்கனவே இருக்கு. இதுதான் திட்டம். அவுக வீட்டுல ஆசாரி வேலை, எங்க வீட்டுல மண்ணு வேலை, கல்யாணம் ஆனதுல ரெண்டு வீடும் ரொம்ப நாள் பேசிக்கல, இப்ப பேசுறாங்க, பேசாமலே இருந்திருக்கலாம்னு சில நாள் தோணும்.

விஷயம் என்னன்னா, காசை விட பெரிய சிக்கல் மாசம். எனக்கு வருஷம் எப்படி ஓடும்னா கார்த்திகைக்கு அகல், மார்கழி பூரா பொங்கப்பானை, தை பொறந்து பொங்கல் முடிஞ்சா கை ஓயும், பங்குனி கடைசியில இருந்து தண்ணிப்பானை, ஆவணிக்கு பிள்ளையார், ஐப்பசி மழையில ஒண்ணும் காயாது. அவருக்கு தை மாசம் பொறந்தா ஊரே நிலை வைக்கும், கதவு கேக்கும், கட்டில் பீரோ சீர் வேலை வரும், வைகாசி வரைக்கும் நிமிர முடியாது. ஆடியிலயும் மார்கழியிலயும் சும்மா இருப்பாரு. ஆடியில காத்து, மார்கழியில எனக்கு பொங்கப்பானை. வீட்டு வேலைக்கு வேற ஒரு பஞ்சாங்கம், வெயில்ல செவுரு, மழைக்கு முன்னாடி கூரை. இந்த மூணும் எங்க ஒண்ணா வருது சொல்லுங்க.

2024 பிப்ரவரி 11

ஓடு ஆரம்பிச்சாச்சு. எப்படின்னு கேட்டவங்களுக்கு. சக்கரத்துல அடியில்லாத குழாய் ஒண்ணு எழுப்பணும், ஒரு முனை கொஞ்சம் அகலம், மறுமுனை கொஞ்சம் குறுகல். எடுத்து நிழல்ல வச்சு, கொஞ்சம் இறுகினதும் நெட்டுவாக்குல ரெண்டு பக்கமும் கீறி விடணும். முழுசா அறுத்தா கோணிக்கும், பாதி ஆழம்தான். நல்லா காஞ்சப்புறம் ஒரு தட்டு, ரெண்டு ஓடு. நாட்டு ஓடு அரை வட்டமா ஒரு பக்கம் குறுகலா இருக்குறதுக்கு காரணம் இதுதான்.

பச்சையில 10 அங்குலம் எழுப்பினா சுட்டு வரும்போது 9 அங்குலம், அந்தச் சுருக்கத்தை முன்னாடியே கணக்குல வச்சுக்கணும். ஓடு கூரையில ரெண்டு அடுக்கு, மல்லாத்தி ஒண்ணு கவுத்தி ஒண்ணு. எங்க அளவுக்கு பத்துக்குப் பத்து அடிக்கு ஏறக்குறைய ஆயிரம் ஓடு. செவுருக்கு வெளிய நீட்டுற தாவாரத்தையும் சரிவையும் சேர்த்தா கூரை 650 சதுர அடி வருது, உடையறதுக்கும் சேர்த்து ஏழாயிரம் போட்டாகணும்.

மண்ணு கண்மாய் வண்டல். விவசாயிக்கும் மண்பாண்டக்காரங்களுக்கும் இலவசம்தான், ஆனா அனுமதி வாங்கி, டிராக்டர் பிடிச்சு, ஆள் வச்சு அள்ளிக் கொண்டாந்து சேக்குறதுக்குள்ள இலவசம்ங்கிறதே மறந்து போகும்.

இன்னொண்ணு. எங்க அப்பத்தா காலத்துல பொம்பளை சக்கரத்தைத் தொடக்கூடாது. மண்ணு மிதிக்கலாம், சலிக்கலாம், பலகையால தட்டி பானைக்கு அடி மூடலாம், சூளைக்கு விறகு சுமக்கலாம், தலையில வச்சு சந்தைக்குக் கொண்டு போயி விக்கலாம். சக்கரம் மட்டும் ஆகாது. அப்பா எனக்குச் சொல்லிக் குடுத்தது பெரிய புரட்சி மனசால இல்ல, ஆம்பளைப் புள்ள இல்ல, அவ்வளவுதான். அப்பத்தா சாகுற வரைக்கும் நான் சக்கரத்துல உக்காந்தா மூஞ்சியைத் திருப்பிக்கும், ஆனா பானை நல்லா வந்திருந்தா எடுத்து சுண்டிப் பாக்கும்.

2024 பிப்ரவரி 12

இங்க படிக்கிற கோயமுத்தூர் அண்ணன் ஒருத்தர் கணக்கு போட்டுக் காட்டிட்டாரு. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15 போதும், என் கூரை 60 சதுர மீட்டர், ஆக 900 ஓடு, இடிச்ச வீட்டு ஓடு ஒண்ணு 12 ரூபா, மொத்தம் பதினோராயிரம் கூட வராது. நான் அதுக்கு நாட்கணக்குல மண்ணோட கெடக்கேன், எங்க அப்பாவையும் சேர்த்து இழுத்து விட்டுருக்கேன்.

கணக்கு சரிண்ணே. 1865-ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க மங்களூர்ல மிஷின் வச்சு ஓடு போட ஆரம்பிச்சப்பவே எங்க ஆளுங்க இந்தக் கணக்குல தோத்தாச்சு. நான் புதுசா தோக்க ஒண்ணும் இல்ல. நான் போட்ட ஓட்டுக்குக் கீழ நான் படுக்கணும்னு ஒரு கிறுக்கு, அதுக்கு ரூபாயில விலை போட முடியாது. போட்டா எங்க அத்தை வீட்டை விட்டுத் தொரத்திரும்.

2024 மார்ச் 10

வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியாச்சு. மாசி வாஸ்து நாள் தான் வேணும்னு அத்தை ஒத்தக் கால்ல நின்னுச்சு. தெரியாதவங்களுக்கு, வாஸ்து புருஷன் வருஷத்துல எட்டு மாசம்தான் ஒவ்வொரு நாள் முழிப்பாராம், ஆனி புரட்டாசி மார்கழி பங்குனி நாலும் முழுத் தூக்கம். எங்க வீட்டுக்காரர் "எனக்கும் அந்த மாதிரி வேலை பாத்துக் குடுங்க"ன்னாரு.

மண்ணு எங்களுக்கு மேல கரிசல் கலந்தது. கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், அது மேல அஸ்திவாரம் போட்டா செவுரும் சேர்ந்து வெடிக்கும். அதனால கெட்டியான செம்மண் தட்டுற வரைக்கும் நாலடி போனோம். உள்ள கருங்கல். இதுல ரெண்டு பேரு தொழிலும் ஒரு பைசாவுக்கு உதவல, ஜேசிபிக்காரருக்கும் கல்லு லோடுக்கும் எண்ணிக் குடுத்தோம். கேள்வி கேட்ட தம்பி இதைக் குறிச்சுக்கோங்க. வீட்டுச் செலவுல பெரிய துண்டு கண்ணுக்குத் தெரியாம தரைக்கு அடியில போகுது, அங்க பானைக்காரிக்கும் ஆசாரிக்கும் வேலையே இல்ல.

2024 மார்ச் 17

முதல் சூளை பிரிச்சோம். ஓட்டை நெட்டக்குத்தலா அடுக்கி, இடுக்குல வரட்டி, கீழ சீமைக்கருவேல விறகும் தென்னமட்டையும், மேல வைக்கோல் பரப்பி சேறு பூசி மூடுறது. பத்துக்கு ஒண்ணு விரிசல். அப்பா வெந்த ஓட்டை ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்து, சத்தம் சரியில்லாததை எல்லாம் ஒரு பக்கமாத் தள்ளினாரு. அந்தக் குவியலைத் தூக்கிப் போட வேணாம்னு சொல்லியிருக்கேன், ஏன்னு பின்னாடி சொல்றேன், பெரிய விஷயம் அது.

2024 மார்ச் 24

பனங்கை, கூரைக்குப் போடுற பனஞ்சட்டம். இதுக்கு தனியா ஒரு சண்டையே நடந்துச்சு இங்க, "பனை பத்து வருஷத்துல உளுத்துரும், இரும்பு பைப் போடுங்க"ன்னு.

பனையில வெளிப்பக்கம்தான் வைரம், அதாவது கெட்டி மரம், உள்ள மெத்துன்னு இருக்குறது சோறு. வயசான மரத்துல வைரம் தடிமனா கருப்பு நார் ஓடியிருக்கும், இளமரத்துல மெல்லிசு. சோத்தைச் செதுக்கித் தள்ளாம அப்படியே போட்டா கரையான் விருந்து சாப்பிடும், அதைப் பாத்துட்டுதான் பனையே மோசம்னு சொல்றாங்க. எங்க பக்கம் நூறு வருஷத்து வீட்டை இடிக்கிறப்ப செங்கல் தூளாப் போகும், பனங்கை மட்டும் முழுசா வெளிய வரும்.

புதுப் பனை வெட்டுற பேச்சே இல்ல. 2021 வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனை வெட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அது நல்லதும் கூட. அதனால திருப்புவனம் பக்கம் இடிக்கிற ஒரு வீட்டுல பழைய பனங்கையும் ரெண்டு உத்திரமும் பேசி வச்சாரு. காசு கொண்டு போறதுல ஒரு கூத்து, எலெக்ஷன் தேதி அறிவிச்சாச்சு, 50,000-க்கு மேல கையில வச்சுக்கிட்டு ரோட்டுல போனா பறக்கும் படை பிடிச்சுக்கும், ரசீது கேக்கும். இடிக்கிற வீட்டுக்காரர் எங்க ரசீது குடுப்பாரு. நாப்பதாயிரத்தை முதல்ல குடுத்து மரத்தை ஏத்தி, மீதியை இன்னொரு நாள் கொண்டு போயி குடுத்தோம். என்னமோ நாங்க ஓட்டுக்குக் காசு குடுக்கப் போற மாதிரி பயம்.

2024 ஏப்ரல் 21

ஓட்டு போட்டாச்சு. ஓடும் ஒரு வழியா முடிஞ்சுச்சு, அதுக்குள்ள தண்ணிப்பானை ஆர்டர் மேல ஆர்டர். இந்த வருஷ வெயிலுக்கு இன்னும் ரெண்டு பங்கு வித்திருக்கலாம், ஆனா பங்குனி மண்ணெல்லாம் ஓடாப் போச்சு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு போன வருஷம் புவிசார் குறியீடு கிடைச்சதுல இருந்து வெளியூர்க்காரங்க தேடி வர்றாங்க, வந்தவங்களை "பானை இல்ல, ஓடு வேணுமா"ன்னு கேக்குற நிலைமை.

செவுரு வேலை நடக்குது. மேற்குச் செவுரை மட்டும் எலிப்பொறிக் கட்டா கட்டச் சொன்னேன், லாரி பேக்கர்ங்கிற கட்டடக்கலைஞர் கேரளாவுல பரப்பினது. செங்கலைக் குத்துக்கல்லா நிறுத்திக் கட்டுறது, நடுவுல காத்து இடைவெளி நிக்கும், செங்கல் கால்வாசி மிச்சம், சாயங்கால வெயில் உள்ள இறங்காது. கொத்தனார் கேட்டுட்டு "தாயி, செவுத்துக்குள்ள பொந்து வச்சா பாம்பு குடியிருக்கும்"னாரு. அவரு சொல்றதுலயும் ஒரு ஞாயம் உண்டு, நாட்டுச் செங்கல் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதை குத்த வச்சா செவுரு வளைஞ்சு நெளிஞ்சு போகும். அந்த ஒரு செவுத்துக்கு மட்டும் அளவு சீரா இருக்குற சேம்பர் செங்கல் இறக்கினோம், மேல கீழ ரெண்டு வரி கெட்டியா மூடியாச்சு, பாம்புக்கு வாடகைக்கு இடமில்ல. மத்த மூணும் நாட்டுச் செங்கல், மண் சாந்து.

2024 மே 19

அக்கினி நட்சத்திரம். விடிகாலை அஞ்சு மணியில இருந்து ஒன்பது வரைக்கும்தான் வேலை. கோழி நாலு வாங்கி விட்டேன், மண்ணு மிதிக்கிற குழியில இறங்கி மண்புழு தேடுது, அது காலடித் தடம் ஒரு ஓட்டுல அப்படியே சுட்டு வந்திருக்கு. அந்த ஓட்டை நான் தனியா எடுத்து வச்சிருக்கேன்.

ஒரே அறைத் தகரக் கொட்டாயில நாங்க ரெண்டு பேரும் அத்தையும். ராத்திரி கட்டிலை வெளிய போட்டுக்குறது. அத்தைக்கும் எனக்கும் நடுவுல பேச்சுவார்த்தை ரேடியோ மூலமாத்தான்.

2024 ஜூன் 16

சுண்ணாம்பு. இதுதான் நான் பெரிய விஷயம்னு சொன்னது.

சுட்ட சுண்ணாம்புக்கல்லை குழியில போட்டு தண்ணி விட்டு நீத்தணும், கொதிக்கும், கிட்ட நிக்கக்கூடாது, கண்ணுல பட்டா கண்ணு போயிரும், கண்ணாடி போட்டுக்கோங்க, தண்ணி வாளி பக்கத்துல இருக்கணும். நீத்ததை ஊறவிட ஊறவிட நல்லது. கடுக்காய் நசுக்கி, கருப்பட்டி சேர்த்து பெரிய பானையில (பானைக்கா பஞ்சம்) புளிக்க வச்ச தண்ணியை கலவைக்கு விடுறது. மேல் பூச்சு தோசை மாவு பதத்துக்கு வரணும். செட்டிநாட்டு வீட்டுப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு எல்லாம் போவாங்க, எங்க கோழி அவ்வளவு தாராளம் இல்ல.

சும்மா சுண்ணாம்பும் மணலும் மட்டும்னா காத்து பட்டு மெதுவாத்தான் இறுகும், ஈரம் நிக்கிற இடத்துல இறுகவே இறுகாது. அதுக்கு பழைய ஆளுங்க செங்கல் தூள் சேப்பாங்க, மிதமா வெந்த மண்ணை அரைச்சுப் போட்டா சுண்ணாம்போட சேர்ந்து தண்ணியிலயும் கெட்டியாகும். நாட்டுச் சூளை சூடு அதுக்குப் பொருத்தம், ரொம்ப உருகி வெந்த செங்கல் அவ்வளவு நல்லா சேராது. இப்ப புரியுதா, சூளையில தள்ளினேனே விரிசல் ஓடு, அப்பா காலத்துல இருந்து கொல்லையில கெடக்குற உடைஞ்ச பானை, எல்லாத்தையும் உரல்ல போட்டு இடிச்சு சலிச்சு கலவையில சேர்த்தாச்சு. கொல்லையும் சுத்தம், சிமெண்டும் மிச்சம்.

தம்பி கேட்டதுக்கு இதுவரைக்கும் உருப்படியா ஒரு "ஆமா" சொல்லணும்னா இதுக்குத்தான். தொழில்ல காசு மிச்சமானது நான் செஞ்ச பொருளால இல்ல, நான் வீணாக்கின பொருளால.

2024 ஜூன் 30

"அரசோட கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல போடலாமே, மூன்றரை லட்சம் தர்றாங்களே"ன்னு ரெண்டு பேரு. அது குடிசையில இருக்குறவங்களுக்கு. 360 சதுர அடி, அதுல 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை போட்டாகணும். எங்க ஊர்லயே ரெண்டு வீடு வருது, நல்லா இருக்கு. ஓட்டுக் கூரைதான் வேணும்னு அடம்பிடிக்கிறவளுக்கு அங்க எடமில்ல, அதுல யாரையும் குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

2024 ஜூலை 28

ஆடி. அவரு கை ஓய்ஞ்சுச்சு, ஊரே நல்ல காரியம் பண்ணாம உக்காந்திருக்கு, நாங்க மட்டும் கூரை மேல. அத்தைக்கு பிடிக்கல, "குடி போறதுதான் ஆடியில ஆகாது, வேலை செஞ்சா என்ன"ன்னு அவரே சமாளிச்சுட்டாரு.

பனங்கைக்கு சோத்தை வாச்சியால செதுக்கி எடுத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினாரு, கரையானுக்கு அது ஆகாது. பூசும்போது தோல்ல பட்டா கொப்புளம், முழங்கை வரைக்கும் துணி சுத்திக்கிட்டு பூசணும். சரிவு அடிக்கு ஏழு அங்குலம் ஏத்தம், அதாவது 30 டிகிரிக்கு கொஞ்சம் மேல. இதுக்குக் கம்மியா வச்சா நாட்டு ஓட்டுல தண்ணி பின்னாடி ஏறி உள்ள சொட்டும், ரொம்ப கூட்டினா ஓடு வழுக்கும். அவரு ஆணி கம்மியா, துளையும் முளையுமா பூட்டி சேத்தாரு, கீழ நின்னு பாக்கையில எனக்கே பெருமையா இருந்துச்சு, வாய்விட்டு சொல்லல.

அப்புறம் காத்து. ஒரே ராத்திரி, தாவாரத்து ஓடு வரிசையா நழுவி இறங்கிருச்சு. இங்கதான் கீழடி ஞாபகம் வந்துச்சு. 2023 மார்ச்ல திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு போயிருந்தோம், மத்தவங்க தங்கத்தையும் பாசியையும் பாக்க, நான் கூரை ஓட்டு கிட்ட நின்னுட்டேன். விரலால இழுத்த பள்ளம், மழைத்தண்ணி வழிய, மேல் முனையில ரெண்டு துளை, கட்டுறதுக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வைகைக்கரையில ஓடு போட்டவங்களுக்கு காத்து அடிக்கும்னு தெரிஞ்சிருக்கு. சுட்ட ஓட்டுல துளை போட்டா பிளக்கும், அதனால தாவாரத்து முதல் ரெண்டு வரிக்கு மட்டும் புதுசா ஓடு போட்டு, பச்சையிலயே துளை குத்தி, சுட்டு, செம்புக் கம்பியால கீழ இருக்குற ரீப்பர் சட்டத்துல கட்டியாச்சு. அதுக்கப்புறம் ஆடிக்காத்து வந்து தடவிட்டுப் போகுது.

2024 ஜூலை 29

"செம்புக் கம்பியா, பணக்காரங்க"ன்னு ஒருத்தர். பழைய மோட்டார் காயில்ல உருவினது சாமி.

2024 செப்டம்பர் 15

பிள்ளையார் சதுர்த்தி முடிஞ்சு தலை நிமிர்றேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாதுன்னு 2020-ல இருந்து மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதல் இருக்கு, அதனால களிமண் பிள்ளையாருக்கு கொஞ்சம் கிராக்கி. கொஞ்சம்தான், ரொம்ப கனவு காணாதீங்க.

ஆவணி முகூர்த்தம் அவருக்கும் திரும்ப ஆரம்பிச்சுருச்சு. வாத்தியார் புள்ள மக்குன்னு சொல்லுவாங்கள்ல, ஆசாரி வீட்டு வாசலுக்கு சாக்குப் படுதா தொங்குது. நிலை வச்சாச்சு, கதவு இல்ல. ஊர்ல ஆறு வீட்டுக்குக் கதவு போயிருச்சு எங்க பட்டறையில இருந்து. கேட்டா "அவங்க காசு குடுத்தாங்க, நீ குடுத்தியா"ங்கிறாரு. நான் ராத்திரி சோறு போடும்போது அதையே திருப்பிக் கேட்டேன், மறுநாள் வேப்பம்பலகை இழைக்க ஆரம்பிச்சாரு.

காரைக்குடிப் பக்கம் பழைய பர்மா தேக்குக் கதவு வாங்கலாமேன்னு கேட்டீங்க. போயி பாத்தோம், சென்னை புதுச்சேரி ஹோட்டல்காரங்க வாங்குற விலை அது. அவரு ஒரு மணி நேரம் தடவிப் பாத்துட்டு, அந்தப் பூட்டு வேலையை மனசுல வரைஞ்சுக்கிட்டு வந்துட்டாரு. கூடத்துக்கு மட்டும் ஆத்தங்குடி கல்லு எடுத்தோம். கண்ணாடித் தட்டு மேல சாயக் கலவையை ஊத்தி அச்சுல போடுறதை பக்கத்துல நின்னு பாத்தேன், கண்ணாடி மழமழப்பு அப்படியே கல்லுல ஏறுது, சூளையே வேண்டாம், தண்ணியில ஊறி வெயில்ல காஞ்சா போதும். விறகு வாங்குறவளுக்கு வயிறு எரிஞ்சுச்சு.

2024 அக்டோபர் 27

ரெண்டு நாளைக்கு முன்னாடி மதுரை செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி, டிவியில பாத்திருப்பீங்க. எங்க பக்கமும் ராத்திரி கொட்டுச்சு. கூரை தாங்கிருச்சு, ஒரு எடத்துல மட்டும் சொட்டு, பூனை நடந்து ஓடு விலகினது. நாட்டு ஓட்டுல அது ஒரு வசதி, உள்ள இருந்தே குச்சியால தள்ளி சரி பண்ணலாம். வசதின்னு சொல்றேன், வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஓடு பிரிச்சு மேயணும்ங்கிறதையும் சொல்லிரணும், அதை யாரும் ரீல்ஸ்ல போட மாட்டாங்க.

வெளிப்பூச்சு தாக்குப் பிடிச்சுச்சு. வடக்குச் செவுரு அடியில ஈரம் ஏறியிருக்கு, அங்க தாவாரம் இன்னும் அரை அடி நீட்டினா சரியாகும்.

2024 நவம்பர் 30

"மத்திய அரசோட விஸ்வகர்மா திட்டத்துல தச்சும் குயவரும் ரெண்டுமே இருக்கே, 5 சதவீத வட்டியில கடன் தர்றாங்களே"ன்னு கேட்டவருக்கு. 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, 18 தொழில், எல்லாம் சரி. தமிழ்நாடு அரசு இப்ப இருக்குற வடிவத்துல அதுல சேர மாட்டோம்னு இந்த மாசம்தான் கடிதம் எழுதியிருக்கு, குடும்பம் வழிவழியா செய்யிற தொழிலா இருக்கணும்ங்கிற விதி தான் சண்டை. ஒரு வகையில அது எனக்கும் உறுத்துது, எங்க அப்பத்தா குடும்பத் தொழில்ல தான் இருந்துச்சு, சக்கரத்தைத் தொட விட்டாங்களா. ஆனா கடன் கிடைச்சிருந்தா ஆடியில ரீப்பர் வாங்க என் கம்மலை அடகு வச்சிருக்க மாட்டேன். ரெண்டும் உண்மைதான், அரசியல் இங்க வேணாம், அகல் விளக்கு ஆர்டர் தலைக்கு மேல நிக்குது.

2025 ஜனவரி 5

சரி, கணக்கு. பொங்கப்பானை வேலைக்கு நடுவுல எழுதுறேன், தப்பு இருந்தா கோயமுத்தூர் அண்ணன் எப்படியும் பிடிச்சிருவாரு.

இதே அளவு வீட்டை முழுசா காண்ட்ராக்ட் விட்டா 9 லட்சம்னு சொன்னாங்க. நாங்க கையை விட்டு குடுத்தது 5 லட்சத்து 60 ஆயிரம். இதைப் பாத்ததும் தம்பி துள்ளிக் குதிப்பீங்க. கொஞ்சம் இருங்க. பங்குனி சித்திரையில நான் விக்காம விட்ட தண்ணிப்பானை, ஆவணியில அவரு "அப்புறம் பாக்கலாம்"னு திருப்பி அனுப்பின வேலை, அதுல ரெண்டு வாடிக்கை வேற ஆசாரிகிட்ட போயி திரும்ப வரல, எல்லாம் சேர்த்தா ரெண்டரை லட்சம் கிட்ட வருது. அப்பா கூலி இன்னும் சேக்கல, சேத்தா கோவிச்சுக்குவாரு. கம்மல் வட்டி ஓடிக்கிட்டு இருக்கு. ஆக மிச்சம் ஒரு லட்சத்துக்கு கீழ.

பிப்ரவரியில ஓட்டைப் பத்தி கிறுக்குன்னு நானே எழுதினேன், அதைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். பிப்ரவரி மாசத்து ஓடு கிறுக்கு இல்ல, அப்ப எனக்கு வேற வேலையே இல்ல, சும்மா இருந்த கைதான். பங்குனியில தொடர்ந்து போட்ட ஓடுதான் வில்லங்கம், அந்த மண்ணுல பானை போட்டிருந்தா காசு. அவரு ஆடியில அடிச்ச கூரையும் லாபம், ஆவணியில செஞ்ச கதவு நஷ்டம். ஒரே கை, ஒரே வேலை, மாசம் மாறினா விலை மாறுது. கைத்தொழில்காரங்க யாராச்சும் வீடு கட்டுறதா இருந்தா ஒரு வருஷத்துல முடிக்கணும்னு நெனைக்காதீங்க. மூணு வருஷம் ஆகட்டும், ஓய்ஞ்ச மாசத்துல மட்டும் கையை வைங்க, மத்த மாசம் தொழிலைப் பாருங்க. எங்களால அது முடியல, தகரக் கொட்டாயில அத்தையோட இன்னொரு கோடை தாங்காதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும், அத்தைக்கும் தெரியும்.

2025 ஜனவரி 6

அண்ணன் வந்துட்டாரு. தகரக் கொட்டாய்க்கு வாடகை இல்லங்கிறதை கணக்குல சேக்கலியாம். சேத்துக்கோங்க, எங்க இடத்துல எங்க தகரம், பழையது.

2025 ஜனவரி 26

தையில பால் காய்ச்சியாச்சு. சமையக்கட்டு கூரை இன்னும் கீத்துதான்.

குரங்குக்கு என்ன பண்றீங்கன்னு மூணு பேரு கேட்டுட்டீங்க. ஒண்ணும் பண்ண முடியல. பத்து ஓடு உடைச்சுட்டு போயிருச்சு, மிச்சம் வச்சிருந்ததுல மாத்தியாச்சு, உடைஞ்சது சுண்ணாம்புக்குப் போகும். ஓட்டுக் கூரை போடுறவங்க ஐநூறாவது கூடுதலா சுட்டு வச்சுக்கோங்க, பின்னாடி அதே அளவுல மண்ணு சுருங்காது.

குளியலறைத் தண்ணி பத்தி கேட்ட பரமக்குடித் தோழிக்கு, நாங்க சோப்புத் தண்ணியை வாழைக்கு விட்டுருக்கோம். மூணடி குழி, கீழ பெரிய ஜல்லி, மேல உடைஞ்ச செங்கல், அதுக்கு மேல மணல், சுத்தி வாழை. கரிசல்னா தண்ணி சீக்கிரம் இறங்காது, குழியை அகலமா போடுங்க, செவுத்துல இருந்து பத்தடியாவது தள்ளி. கிணத்துக்கு மேட்டுப் பக்கம் வேணாம். மாசியில கை ஓயும்போது கிணத்தடியில தளம் போடுறோம், அதுக்கு சுண்ணாம்புல ஓட்டுத்தூள் எந்த விகிதம் போடலாம்னு தெரிஞ்சவங்க இருந்தா எழுதுங்க. இப்ப ஒண்ணுக்கு ஒண்ணு, மணல் ரெண்டுன்னு ஒரு பலகை அளவு போட்டு தண்ணித் தொட்டியில கெடக்கு.